காஷ்மீருக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

காரைக்குடி, மதுரை, திருச்சி வட்டாரத்தில் ஆள் சேர்த்துக் காஷ்மீர் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்பது காரைக்குடி, பூர்வீக வீடு கானாடுகாத்தானில். போன ஐப்பசியில் நானும் என் மனைவியும் என் ஆச்சியும் உங்களில் ஒருவரோடு ஏழு நாள் காஷ்மீர் போய் வந்தோம். (எங்கள் நகரத்தார் வழக்கில் அக்காவை ஆச்சி என்போம். அவருக்கு வயது 72. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்காது.) அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்குத் திரும்பி வந்து விசாரித்தால், வேறு வேறு ஆட்களோடு போய் வந்தவர்கள் சொன்ன கதையும் முக்கால்வாசி இதேதான். ஆகவே ஒருவர் மேல் மட்டும் பழி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடவே வந்த சமையல்காரர் கெட்டிக்காரர். தால் ஏரிக்கரையில், விரல் விறைக்கும் குளிரில், மிளகு ரசம் வைத்துக் கொடுத்த மனிதரைக் குறை சொன்னால் சோறு செரிக்காது. அறைகள் சுத்தமாக இருந்தன. வெந்நீர் வந்தது. பல்லவனில் ஏறிச் சென்னை போய், விமானம் மாறி ஸ்ரீநகரில் இறங்கும் வரை ஒரு பெட்டி தவறவில்லை. கூட்டம் சேர்த்துக் கொண்டுபோவதில் உள்ள சிரமம் எனக்கும் தெரியும். வங்கிச் சங்கத்தில் இருந்தபோது ஒரு முறை கொடைக்கானலுக்கு நாற்பது பேரைக் கூட்டிப் போய்விட்டு, அப்புறம் ஆறு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கொடுத்த நோட்டீஸில் மூன்று படங்கள் இருந்தன. ஒன்றில் துலிப் தோட்டம். ஒன்றில் பனிமேல் சறுக்கு வண்டி. ஒன்றில் ஏரியில் படகு. துலிப் பூப்பது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், மொத்தமே ஏறக்குறைய ஒரு மாதம். ஐப்பசியில் போகிறவர்களுக்கு அந்தப் படத்தை ஏன் காட்ட வேண்டும்? தோட்டத்தின் கதவு பூட்டியிருந்தது. பனியும் அப்படித்தான். சோனமர்க்கில் தூரத்து மலை உச்சியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான். "இந்த சீசன்ல இவ்வளவுதான் சார்" என்றார் மேலாளர். அது உண்மை. ஆனால் முன்பணம் வாங்கும்போது அந்த உண்மையை ஏன் சொல்லவில்லை?

இத்தனைக்கும் ஐப்பசியின் காஷ்மீர் குறைந்தது இல்லை. சினார் மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் நிற்கும் காலம் அது. பாம்போரில் குங்குமப்பூ பூக்கும் காலமும் அதுதான். பூ மலர்வது இரண்டு மூன்று வாரம்தான், விடியலில் பறித்துவிடுவார்கள். ஒரு பூவில் மூன்றே மூன்று சூல்முடிகள், அந்தச் சிவப்பு இழைதான் குங்குமப்பூ. ஒரு கிராம் சேர ஏறக்குறைய 150 பூ வேண்டும். நம் வண்டி பெஹல்காம் போகிற வழியில் அதே பாம்போரில்தான் நின்றது, எங்கே? ஒரு டிரை ஃப்ரூட் கடை வாசலில். ஒரு மணி நேரம். கடைக்காரர் கஹ்வா டீ கொடுத்தார், அக்ரூட் உடைத்துக் கொடுத்தார், டப்பா டப்பாவாகக் குங்குமப்பூ காட்டினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊதா நிறத்தில் வயல் கிடந்தது. "அங்கே ஒரு பத்து நிமிஷம் போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்று ஆச்சி கேட்டார். நேரமில்லை என்று பதில். கடையில் உட்கார ஒரு மணி நேரம் இருந்தது, வயலில் நிற்கப் பத்து நிமிஷம் இல்லை. உங்களுக்குக் கடையில் ஏதாவது கிடைக்கும், கிடைக்கட்டும். அதை நான் தடுக்கவில்லை. காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நம் காரைக்குடிக் கண்டாங்கிக்கும் கிடைத்தது. தறியைப் பார்க்காமல் சேலையை மட்டும் வாங்கிப் போகிறவர்களைப் பற்றி நம் நெசவாளர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் அவந்திபுரா. 9-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் மன்னன் அவந்திவர்மன் கட்டிய கோயில் இடிந்து கிடக்கிறது. ரோட்டோரம்தான், தேடிப் போக வேண்டியதில்லை. தஞ்சையில் விஜயாலயன் சோழ ஆட்சியை ஊன்றிய அதே காலம். வண்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளையார்பட்டிக் குடைவரையை நூறு முறை பார்த்தவர்கள், கல்லைக் கண்டால் இறங்கிவிடுகிற ஆட்கள். வண்டி நிற்கவே இல்லை. ஓட்டுநர் கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார். கடந்து போன பிறகு மேலாளர் மைக்கில் சொன்னது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்பது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஸ்ரீநகர்.

ஏழு நாளில் ஐந்து இரவு ஸ்ரீநகரில் தூங்கினோம். ஊரைப் பார்த்ததாக உங்கள் அட்டவணையில் இருப்பது ஏரி, மூன்று முகலாயத் தோட்டம், சங்கராச்சாரியார் மலை, "ஷாப்பிங்". குல்மர்க், சோனமர்க், பெஹல்காம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நாள் கொடுத்த நீங்கள், ஜீலம் ஆற்றங்கரையில் பல நூற்றாண்டாக இருக்கிற அந்தப் பழைய நகரத்துக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை.

தோட்டத்திலும் அப்படித்தான். ஷாலிமாரை ஜஹாங்கீர் 1619-இல் அமைத்தார். நிஷாத், நூர்ஜஹானின் அண்ணன் ஆசப் கான் 1633-இல் போட்டது. மலையிலிருந்து வருகிற தண்ணீரைப் பன்னிரண்டு படிக்கட்டாக இறக்கி ஏரிக்கு அனுப்பும் கணக்கு அது. மழைத் தண்ணீரை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) பிடித்து, மிஞ்சியதை ஊரணிக்கு விட்ட ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கை ஒரு தடவை காட்டினால் போதும், வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். எங்களுக்குச் சொல்லப்பட்டது எந்த நடிகை எந்த மரத்தடியில் ஆடினார் என்பது. அப்புறம் எல்லோருக்கும் காஷ்மீரி உடை மாட்டிவிட்டு, கையில் குடத்தைக் கொடுத்துப் போட்டோ. ஆச்சியும் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் நன்றாகவே இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆறாம் நாள் மதியம் ஷாப்பிங் என்று போட்டிருந்தீர்கள். எங்களுக்குச் சால்வை வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் பிரிந்துகொண்டோம். விடுதியில் வேலை பார்க்கும் பையனின் மைத்துனர், உள்ளூர்க் கல்லூரியில் படிப்பவர், கூட வந்தார். ஆட்டோவில் பழைய நகரத்தின் நௌஹட்டா பகுதிக்குப் போனோம். அங்கே ஜாமியா மசூதி.

எனக்கு அந்த மசூதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெளியே பார்த்தால் மசூதி என்றே தோன்றவில்லை. குமிழ் கோபுரம் இல்லை, அடுக்கடுக்காக ஏறும் மரக் கூரை, கிட்டத்தட்டப் பர்மாவிலிருந்து எங்கள் ஐயா கொண்டுவந்த படத்தில் இருக்கும் புத்த விகாரை மாதிரி. தொழுகை இல்லாத நேரம். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்களும் உள்ளே வரலாம் என்றார்கள். நடுவில் பெரிய முற்றம், நீர்த்தொட்டி, நாலு பக்கமும் கூடம். கூடத்துக்குள் நுழைந்ததும் ஆச்சி நின்றுவிட்டார்.

தூண்கள். 370-க்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரே மரம், ஒட்டுப் போட்டது இல்லை. ஒரு காட்டை அப்படியே கூரைக்குக் கீழே நட்டுவைத்த மாதிரி.

ஆச்சி பிறந்தது பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவில். சின்ன வயதில் முகப்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றி விளையாடியவர். மரத்தைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்தார், அப்புறம் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார், காதைக் கிட்டே கொண்டுபோனார். "தேக்கு இல்லடா இது" என்றார். பையனிடம் கேட்டேன். "டியோடார்" என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தேவதாரு! காரைக்குடியில் நாட்டு மருந்துக் கடையில் கட்டை கட்டையாகக் கட்டி விற்கிற அதே தேவதாரு. கஷாயத்துக்குப் போடும் மரம் இங்கே கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆச்சி மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசம் போயிருச்சு" என்றார். போகாதா பின்னே? சுல்தான் சிக்கந்தர் 1394-இல் தொடங்கிய கட்டடம் அது. மூன்று முறை தீப்பிடித்து எரிந்து, மூன்று முறையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பையன் அதைச் சொன்னபோது ஆச்சி கேட்ட முதல் கேள்வி: "மரத்துக்கு எங்க போனாங்க?" இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த சனம் நாங்கள். கடல் தாண்டிப் போய்த் தூண் கொண்டுவந்த வீட்டுப் பெண் அவர். அவரை நீங்கள் சால்வைக் கடையில் உட்காரவைக்கப் பார்த்தீர்கள்.

அங்கிருந்து மெதுவாக நடந்து ஆற்றங்கரைக்கு வந்தோம். செங்கல்லுக்கு நடுவே மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், தெருவைப் பார்த்து வரிசையாக மர ஜன்னல். நிலநடுக்கத்தில் அந்த மரச்சட்டம்தான் சுவரைப் பிடித்துக்கொள்ளும் என்று பையன் விளக்கினார். வழியில் ஒரு ரொட்டிக் கடை. குழியடுப்பிலிருந்து எடுத்துச் சுடச்சுடக் கொடுத்தார்கள், கூடவே இளஞ்சிவப்பில் உப்புப் போட்ட டீ. உப்பு டீ என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது என்று சொல்லி இரண்டு குவளை குடித்தேன். ஆற்றோரம் கான்காஹே மௌலா என்ற சூஃபி மடம். முதலில் சிக்கந்தர் கட்டி, தீயில் போய், 1732-இல் எழுப்பியது. மரச்சுவர் முழுக்கக் காகிதக்கூழ் வண்ணப் பூவேலை. வாசலில் நின்று பார்த்தோம். உள்ளே போகவில்லை, அது அவர்கள் வழக்கம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. எங்கள் வீட்டிலும் முகப்போடு நிற்க வேண்டியவர்கள், வளவு வரை வரக்கூடியவர்கள் என்று ஒரு கணக்கு இருந்ததே.

ஒரு சந்தில் பூட்டிய வீடு ஒன்று. பூட்டில் துரு, ஜன்னலுக்குள் செடி முளைத்திருந்தது. "நம்ம தெரு மாதிரியே இருக்கு" என்றார் ஆச்சி. 1990-இல் வன்முறைக்குப் பயந்து ஊரை விட்டுப் போன காஷ்மீரிப் பண்டிதர் குடும்பத்தின் வீடு என்றார் பையன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீடுகள் பூட்டிக் கிடப்பது பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனதால். இது வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது.

ஏழு நாளில் எங்களுக்கு மனதில் நின்றது அந்த மூன்று மணி நேரம். அதற்கு ஆன செலவு ஆட்டோக் கூலி, ரொட்டி, அந்தப் பையனுக்கு நாங்களாகக் கொடுத்தது. உங்களுக்குக் கொடுத்த தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இதில் எங்களுக்கு ஒரு தனிக் கூச்சமும் இருக்கிறது. கானாடுகாத்தானில் தினம் வண்டி வந்து நிற்பதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். இறங்குவார்கள், அரண்மனை வாசலில் ஒரு படம், அடுத்த தெருவில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர் கண்ணாடி மேல் சாந்து ஊற்றிக் காட்டும்வரைகூடப் பொறுக்காமல் ஏறிவிடுவார்கள். அரைநாளில் செட்டிநாடு முடிந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து, "இவங்க என்னத்தைப் பார்த்தாங்க?" என்று நாங்கள் சிரிப்போம். ஸ்ரீநகரில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது நாங்கள். ஜன்னலுக்கு வெளியே டீக்கடை வாசலில் நாலு பெரியவர்கள் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நாள் வீட்டோடு பேச முடியாமல் தவித்தார்கள். அதுவும் 2025 ஏப்ரலில் பெஹல்காம் பக்கத்துப் பைசரனில் சுற்றுலா போனவர்களைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு காஷ்மீர் என்றாலே வீட்டில் வயிற்றில் நெருப்பு. மகளுக்கு "சேர்ந்துவிட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல விடுதிக்காரரின் போனைக் கடன் வாங்கினேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எத்தனையோ இடங்களை மூடினார்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கிளம்பும் வாரத்தில் எது திறந்திருக்கிறது, எது இல்லை என்பதை விசாரித்து எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. பழைய நோட்டீஸை அப்படியே அச்சடிப்பது அல்ல.

பெஹல்காமில் வெளி வண்டி ஆரு, பேதாப், சந்தன்வாரிப் பக்கம் போகாது. உள்ளூர்ச் சங்கத்தின் வண்டியில்தான் போக வேண்டும், கட்டணத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நியாயமான ஏற்பாடு, அந்த ஊர்க்காரர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் நோட்டீஸில் "ஆரு பள்ளத்தாக்கு" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அங்கே போய், "இது தனி" என்று கை நீட்டுவது என்ன நியாயம்? குல்மர்க் கேபிள் காரும் தனி, குதிரையும் தனி. குதிரைக்காரர்கள், சிகாராப் படகுக்காரர்கள், வழிகாட்டிகள் எல்லோரையும் பதிவு செய்ய அங்கே 1978-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதிவுள்ள ஒரு வழிகாட்டியை ஸ்ரீநகரில் ஒரு நாளைக்கு அமர்த்துவது உங்களுக்கு முடியாத காரியமா? எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் திண்டுக்கல்காரர். தங்கமான பிள்ளை, ஆனால் அவருக்கே அது இரண்டாவது காஷ்மீர்ப் பயணம்.

அப்புறம் உயரம். குல்மர்க்கே கொடைக்கானலைவிட உயரம், 2,650 மீட்டர். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறக்குறைய 13,000 அடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. ரத்த அழுத்தம் இருக்கிறதா, இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் தேவகோட்டைக்காரர் ஒருவர் மேலே போய் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. சங்கராச்சாரியார் மலையிலும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 240 படி உண்டு. மதியம் நாலு மணிக்குக் கொண்டுபோய் இறக்கி, "சீக்கிரம், சீக்கிரம்" என்றால் 72 வயதுக்காரர் என்ன செய்வார்? ஆச்சி கீழேயே உட்கார்ந்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடி நானூறு ஆண்டுப் பழக்கம் என்பார்கள். குன்றக்குடியில் கூடி, நத்தம் வழியாகப் போகும். எந்த ஊரில் தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் வீட்டுச் சோறு, நடக்க முடியாதவர் எங்கே இருந்து எங்கே வரை வண்டியில் வரலாம், எல்லாம் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரியும். காசியில் நகரத்தார் சத்திரம் வைத்தவர்களும் இதே ஆட்கள்தான். தூர தேசத்தில் வயதானவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று யோசித்து வைத்த ஏற்பாடு. இதே வட்டாரத்தில் ஆபீஸ் போட்டிருக்கிற உங்களுக்கு இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பேர் வரும் பங்குனிக் கடைசியில் போவதாக இருக்கிறோம். இந்த முறை துலிப் பூத்திருக்கும், நோட்டீஸில் அந்தப் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். எங்களுக்கு வேண்டியது இது: சோனமர்க்கை எடுத்துவிட்டு அந்த நாளை ஸ்ரீநகர்ப் பழைய நகரத்துக்குக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும். உள்ளூர் வழிகாட்டி வேண்டும், பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல நம் ஆள் ஒருவர் இருந்தால் போதும். அவந்திபுராவில் அரை மணி நேரம். முடிந்தால் மட்டன் ஊருக்குப் பக்கத்தில் லலிதாதித்தன் கட்டிய மார்த்தாண்டர் கோயில். சங்கராச்சாரியார் மலை காலையில். எது சேர்ந்தது, எது தனி என்று தொகையோடு ஒரே தாளில். ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சாப்பாடு. அவர்களும் நம்மைப் போல் சோறு தின்கிற சனம்தான், தாமரைத் தண்டை நாம் வத்தல் போடுகிறோம், அவர்கள் தயிரில் குழம்பு வைக்கிறார்கள்.

இதை எழுத்தில் ஒப்புக்கொண்டு அனுப்புகிறவரிடம் மாசிக்குள் முன்பணம் கட்டிவிடுகிறோம். ஆச்சியும் வருகிறார். குதிரை மட்டும் வேண்டாம் என்று எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் 11-ஆம் நம்பர் சீட்டில் வந்தவன்
காரைக்குடி